இடப்பக்கம் திரும்பாத கவட்டை

அண்ணே,

அன்று காலை எதிர்வீட்டு ஏட்டையா நம் வாசலுக்கு வந்துவிட்டுப் போனதை நான் உன்னிடம் சொல்லவில்லை. நீ கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தாய். அவர் இன்னும் சீருடை மாட்டியிருக்கவில்லை. தோளில் துண்டும் வாயில் வேப்பங்குச்சியுமாக நின்று, குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "அண்ணன இன்னைக்கு வெளியூர் எங்கயும் போக வேணாம்னு சொல்லும்மா. இன்ஸ்பெக்டர் ஐயா ஸ்டேசனுக்கு வரச் சொன்னாரு. அந்தத் துப்பாக்கி விசயம்." நான் தலையாட்டினேன். நீ தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "ஆரு தாயி வந்தது?" என்று கேட்டாய். "ஏட்டையா. வேப்பங்குச்சி ஒடிக்க வந்தாரு" என்றேன். நீ சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டாய்.

இன்று பள்ளிக்கூடக் கிணற்று உருளைக்குக் கிரீஸ் போட்டார்கள். கயிற்றைத் தொட்ட என் கையில் அந்த வாடை ஒட்டிக்கொண்டது. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்க, நான் என்னையறியாமல் கையை மூக்கருகே கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருந்தேன். உன் சட்டையில், தலையணையில், நீ தொட்ட தண்ணீர்ச் செம்பில் எல்லாம் ஒரு வருடம் இருந்த வாடை அது. அந்த வருடம் முழுக்க நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். இப்போது வீட்டில் அம்மா தூங்குகிறாள். உனக்கு எழுதுகிறேன்.

பர்மாவிலிருந்து திரும்பிய பிறகு நீ சுவரைப் பார்த்துத்தான் படுப்பாய். லாரிப் பட்டறைக்குச் சில நாள் போவாய். பிறகு சட்டையைக் கழற்றாமலே படுத்துவிடுவாய். சோற்றுத் தட்டு வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். காற்றுக் கறுப்பு என்று அம்மா வேப்பிலை அடிக்க ஆள் கூட்டி வந்தாள். போரிலிருந்து திரும்பியவர்களைப் பற்றி வாசகசாலையில் கிடைத்ததையெல்லாம் நான் எடுத்து வந்து படித்தேன். அந்தக் கதைகளில் வந்தவர்கள் அழுதார்கள், குடித்தார்கள், ஏதாவது பேசினார்கள். நீ எதுவும் செய்யவில்லை. ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, வீட்டு வாசலில் கூட்டம் இருக்கிறதா என்று தெருமுனையிலேயே பார்த்துக்கொண்டு வருவேன்.

அப்போதுதான் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று ஊரிலிருந்த சுபேதார் ஒரு வண்டியை வாங்கினார். உச்சிப்புளி விமானத் திடலை ஒட்டிய உடைமரக் காட்டில், யுத்தம் முடிந்ததும் கைவிட்டுப்போன பிரென் கேரியர் என்ற பட்டாளத்து வண்டி. பழைய பட்டாளத்துக்காரர்களின் மன்றத்து முன்னால் அதைப் பழையபடி ஆக்கி நிறுத்த வேண்டும், பெரிய மனிதர் ஒருவரை அழைத்துத் திறந்து வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. இந்த ஊரில் அந்த வண்டியை ஓட்டியிருந்தவன் நீ ஒருவன்தான். மாட்டைக் கட்டி இழுத்து அதை மன்றத்துக் கொட்டகைக்குக் கொண்டுவந்த அன்று அம்மாவும் நானும் பார்க்க வந்தோம். கூரையில்லாத இரும்புப் பெட்டி, இரண்டு பக்கமும் சங்கிலிச் சக்கரம். "இது என்னப்பா, நெல்லு அவிக்கிற தொட்டியாட்டம் இருக்கு. இதுல ஒக்காந்தா சண்டை போட்டீக?" என்றாள் அம்மா. நீ சங்கிலிக்குள் கையை விட்டு, ஒரு குருவிக்கூட்டை எடுத்து வெளியே வைத்தாய். அன்று ராத்திரி இரண்டாவது தடவை சோறு கேட்டாய்.

மாதக்கணக்கில் அதோடு கிடந்தாய். எஞ்சின் ஓடிவிட்டது. சங்கிலியில் அறுந்த கண்ணிகளுக்கு மாற்றுக் கிடைத்துவிட்டது. கிடைக்காமல் போனது துப்பாக்கியைத் தாங்கும் இரும்புகள்தான். இரண்டு வேண்டும் என்றாய். பின்பக்கம் நட்டுக்குத்தாக நிற்கும் கம்பம் ஒன்று, விமானத்தைச் சுட. அது மண்டபத்தில் பழைய இரும்புக்காரரிடம் அகப்பட்டது, ஆட்டுக்குட்டி கட்டும் முளையாக. மற்றது முன்பக்கம், டிரைவருக்கு இடது கைப்பக்கம் உட்காருகிறவனுக்கு உரியது. முன் தகட்டில் ஒரு துவாரம் இருக்கும். அதன் உள்ளே கவட்டை போல ஓர் இரும்பு. துப்பாக்கி அந்தக் கவட்டையில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் திரும்பும், மேலும் கீழும் சாயும், வேண்டிய இடத்தில் திருகாணியை முறுக்கினால் அப்படியே நிற்கும். 'மவுண்டு' என்பாய் நீ. கேட்கிற இடத்தில் புரியாவிட்டால், துப்பாக்கிக் கவட்டை என்பாய்.

அதைத் தேடி வாலிநோக்கம் உப்பளம் வரை போனாய். அங்கே இருந்தது வேறு வண்டியினுடையது. இன்னொருவர் லாரியின் ஏதோ ஓர் இரும்பைத் தேய்த்து மினுக்கிக் கொண்டுவந்து, இதுதான் அது என்று சத்தியம் செய்தார். சுபேதாருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரு குழாய வெட்டி பத்த வச்சு விடப்பா. மாலை போட வர்றவனுக்கு அது கவட்டையா கத்திரிக்காயான்னா தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும் சாப்" என்றாய்.

அவ்வளவு ஏன் என்று எனக்கும் அப்போது தெரியாது. ஒரு மதியம் சோற்றுத் தூக்கைக் கொண்டுவந்தபோது நீ வண்டிக்குள் உன் இடத்தில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லவில்லை. காலியாக இருந்த இடப்பக்க இருக்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். முனியசாமி என்று ஒருவன், கமுதிப் பக்கத்துக்காரன், அங்கே உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். உங்கள் வண்டியின் கவட்டை உடைந்துபோனது. சரியானது வரத் தாமதமானது. வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய ஒன்றை நீயே மாட்டினாய். அது வலப்பக்கம் திரும்பியது, இடப்பக்கம் தகட்டில் முட்டி நின்றது. "இன்னைக்கு ஒரு நா சமாளிச்சுக்கடான்னு சொன்னேன் தாயி. சரிடான்னான்." அன்று எதிரி சுட்டது இடப்பக்கத்திலிருந்து.

நீயேதான் தொடர்ந்தாய். அவன் அம்மா உயிரோடு இருக்கிறாள். ஊர் திரும்பி இத்தனை வருடத்தில் நீ அந்தப் பக்கம் போனதில்லை. "இத முழுசாப் பண்ணிட்டு அவுகளக் கூட்டியாரணும். இங்கனதான் ஒக்காந்திருந்தான், இதுதான் அவனுக்கு இருந்திருக்க வேண்டிய கவட்டைன்னு காட்டணும். அப்புறம் அவுக என்ன சொன்னாலும் கேட்டுக்கிருவேன்."

அன்றிலிருந்து எனக்கு இரண்டு பயம். கவட்டை கிடைக்காவிட்டால் நீ அந்தத் தாயைப் பார்க்கப் போகவே மாட்டாய், மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாய். கிடைத்துவிட்டால் போவாய். அவள் என்ன சொல்லுவாளோ, அதைக் கேட்டுவிட்டு நீ எப்படித் திரும்பி வருவாயோ. படித்துக்கொண்டிருக்கும்போது ஒரே பக்கத்தை நாலு தடவை படிப்பேன். ஒன்றும் மண்டையில் ஏறாது.

கருவாடு கொண்டுவரும் செசிலியக்கா நம் தெருவில் சத்தம் போட்டது அதற்குப் பிறகுதான். பாம்பனுக்குத் தெற்கே கடற்கரைக் குடியிருப்பிலிருந்து ரயிலேறி வந்து விற்றுவிட்டுப் போவாளே, அவளிடமும் நீ சொல்லி வைத்திருந்தாய். கூடையை இறக்குவதற்கு முன்பே, தெரு முழுக்கக் கேட்க, "தங்கச்சீ, உங்கண்ணன் கேட்ட துப்பாக்கி எங்க ஊருலயே இருக்குன்னு சொல்லு. எங்க குருசடிக்குப் பக்கத்துலதான் நிக்கிது" என்றாள். எதிர்வீட்டில் ஏட்டையாவின் மனைவி கோலப்பொடியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, துப்பாக்கி இல்ல, அத வைக்கிற இரும்பு" என்றேன்.

"என்ன எழவோ. ரெண்டும் ஒண்ணுதானே. வாளை எடுக்குறியா, சாளை எடுக்குறியா?"

தலைமறைவாக இருந்தவர்களைத் தேடிப் போலீஸ் ஊர் ஊராக அலைந்த காலம் அது. நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்ததற்காக யார் யாரையோ கூட்டிக்கொண்டு போனார்கள் என்று தினமும் பேச்சு. பட்டாளத்திலிருந்து வந்தவன், யாரோடும் பேசாதவன், துறைமுகம் உப்பளம் என்று அலைந்து துப்பாக்கிக் கவட்டை கேட்கிறவன். அவர்கள் கண்ணால் உன்னைப் பார்க்கப் பழகிக்கொண்டேன். உன்னிடம் மெதுவாகச் சொன்னபோது, "நான் கேக்குறது இரும்புத் துண்டு தாயி, அதுல என்ன இருக்கு" என்று போய்விட்டாய்.

முதல் தடவை நீ தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாய். அன்று உன் முகம் எனக்கு மறக்காது. அதேதான், திருகாணிகூட அப்படியே இருக்கிறது என்றாய். மண்டபம் முகாமைக் கலைத்தபோது கூலிக்குப் போன யாரோ எடுத்து வந்து, கரையில் சிலுவை நட்ட குருசடியை ஒட்டிய கல்தூணில் ஈயம் காய்ச்சி ஊற்றி நட்டிருந்தார்கள். கவட்டையில் ஒரு தகரப் பெட்டி. முன்பக்கம் மட்டும் கண்ணாடி, உள்ளே பெட்ரோமாக்ஸ். பொழுது சாய்ந்து வருகிற வள்ளங்களுக்கு அதுதான் விளக்கு. செசிலியக்காதான் அதை ஏற்றுகிறவள். "அதுக்குப் பதிலா ஒண்ணு செஞ்சு குடுத்துட்டு எடுத்துக்கன்னுட்டாக. நல்ல சனம்" என்றாய். அளவெடுத்துக்கொண்டு வந்து, பட்டறையில் புது இரும்பில் ஒன்று செய்தாய். நீ பார்த்த அன்று விளக்கு வலப்பக்கம் பார்த்து நின்றிருக்கிறது. காற்றில் அது ஆடுகிறது என்று செசிலியக்கா குறைப்பட்டிருக்கிறாள். ஆடாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு இடப்பக்கம் ஓர் இரும்புத் துண்டைத் தடையாக வைத்துப் பற்ற வைத்தாய். கடலறியாத ஆளுக்கு அப்படித்தான் தோன்றும். விளக்கு என்றால் ஒரு பக்கம் பார்த்து எரிவது என்று நானும்தான் நினைத்தேன்.

அதை மாட்டிவிட்டுக் கவட்டையை எடுத்து வருவதற்காக நீ கிளம்பிய காலையில்தான் ஏட்டையா வந்தார். நீ ஸ்டேஷனுக்குப் போனால் அன்று பயணம் இல்லை. பிறகு என்றைக்கும் இல்லாமல் போகலாம். போகாவிட்டால், தேடுகிற சாமானோடு பிடிபடுவாய். இரண்டில் எது குறைந்த கெடுதல் என்று எனக்குத் தெரியவில்லை. நானும் வருகிறேன் என்றேன். "பொம்பளப்புள்ள இரும்பு வாங்கப் போகுதாம்" என்று அம்மா முணுமுணுத்தாள். கடல் பார்க்க வேண்டும் என்றேன். பெண்பிள்ளை கூட இருந்தால் நடுவழியில் கைவைக்க யோசிப்பார்கள் என்பது என் கணக்கு.

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நான் எதிர்ப்பக்க ஜன்னலுக்கு மாறி உட்கார்ந்தேன். காக்கித் துணி எது தெரிந்தாலும் உன் சாக்கின் மேல் முந்தானையை இழுத்துப் போட்டேன். மண்டபத்தில் ஏறியவர் டிக்கெட் பரிசோதகர்தான். பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது நீ சாக்கிலிருந்த உன் இரும்பை எடுத்து மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாய். "பயமா தாயி? தண்ணியப் பாக்காத, தூரத்துல பாரு" என்றாய். நான் தண்ணீரைப் பார்க்கவே இல்லை.

பழைய கவட்டை எளிதில் வரவில்லை. அதன் அடி முளை துருவேறித் தூணோடு ஒட்டிப்போயிருந்தது. சுத்தியலால் அடித்து, முளையை இரண்டாக வெட்டித்தான் எடுக்க முடிந்தது. உன் இரும்பை அந்த இடத்தில் இறக்கி, தகரப் பெட்டியை வைத்து வலப்பக்கம் திருப்பிக் காட்டினாய். கரையிலிருந்த பெண்கள் வந்து பார்த்துவிட்டு, பளபளப்பாக இருக்கிறது என்றார்கள். கவட்டையைச் சாக்கில் சுற்றி என்னிடம் கொடுத்தாய். கனமாக இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு செசிலியக்கா வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

பிற்பகலில் காற்று நின்றது. பிறகு என் முந்தானை மறுபக்கமாகப் பறக்க ஆரம்பித்தது. எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. செசிலியக்கா அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள்.

"கச்சான் விட்டுருச்சு. கொண்டல் எடுக்குது" என்றாள்.

கடலுக்குள் பாறை வரிசை இருந்தது. அதில் வள்ளம் நுழைய இரண்டு வாய். மேல்காற்றான கச்சான் அடிக்கிற மாதங்களில் வலப்பக்கம், மேற்கு வாய் வழியாக வருவார்கள். கீழ்க்காற்றான கொண்டல் எடுத்துவிட்டால் இடப்பக்கம், கிழக்கு வாய் வழியாகத்தான் வர முடியும். விளக்கு எந்த வாயைப் பார்க்கிறதோ அந்த வெளிச்சத்தை நேராகப் பிடித்துக்கொண்டு உள்ளே வர வேண்டும். காற்று மாறினால் விளக்கையும் மாற்றுவது அவர்கள் வழக்கம். அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடற்கரையில் யாருக்கும் தெரியாத விஷயமா அது.

செசிலியக்கா பெட்டியைப் பிடித்து இடப்பக்கம் தள்ளினாள். பாதியில் முட்டியது. மறுபடி தள்ளினாள்.

"இங்கிட்டுத் திரும்ப மாட்டேங்குதே தம்பி."

அவள் கையை விலக்கிவிட்டு நீயே தள்ளிப் பார்த்தாய். நீ வைத்த தடைதான், நன்றாகத்தான் வைத்திருந்தாய்.

அந்தக் குடியிருப்பின் மூத்தவர், கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒரு பெரியவர், பக்கத்தில் வந்து பார்த்தார். உனக்குச் சங்கடம் வேண்டாம் என்றுதான் சொன்னார். "விடு தம்பி. பெட்டியக் கயித்தப் போட்டுக் கோணலாக் கட்டி வைப்போம். இன்னைக்கு ஒரு நா சமாளிச்சுக்கிருவாக."

"வேணாம்" என்றாய். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அப்புடிச் சொல்லாதீக பெரியவரே. அப்புடிச் சொல்லாதீக."

முளை இல்லாமல் பழைய கவட்டையை உடனே மாட்ட முடியாது. வேறு முளை அறுத்துத் தேய்க்க வேண்டும். பற்ற வைத்த தடையை அறுக்கவும் நேரம் பிடிக்கும். வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. நீ சட்டையைக் கழற்றி மடித்து வலது தோளில் வைத்தாய். தூணை ஒட்டிய படியில் ஏறி நின்று, பெட்ரோமாக்ஸ் எரியும் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கிழக்கு வாய்ப்பக்கம் திரும்பினாய்.

"இன்னும் கொஞ்சம் இடது" என்றாள் செசிலியக்கா. "தாழ்த்து. அங்கனதான், அங்கனதான் நில்லு."

தகரம் சுட்டது. ஒரு துண்டை நனைத்து உன் தோளுக்கும் பெட்டிக்கும் நடுவில் செருகினேன். அது காய்ந்ததும் மறுபடி நனைத்தேன். மாற்றிப் பிடிக்கிறேன் என்று பெரியவர் வந்தார், பெண்கள் வந்தார்கள். நீ தலையை அசைக்கக்கூட இல்லை. சோற்றை எடுத்து வாயில் வைக்கும்போதே நடுங்குகிற கை உன்னுடையது. கடலில் வெளிச்சம் விழுந்த இடத்தை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நடுங்கிக்கொண்டே இருந்தது. எங்கேயும் விலகவில்லை. செசிலியக்காவின் புருஷனும் கொழுந்தனும் அந்தக் கடலில் இருந்தார்கள். அவள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இடையிடையே, "இடது தம்பி, இடது" என்றாள். என் மடியில் சாக்கு இல்லை. அதை எங்கே வைத்தேன் என்பதே நினைவில்லை. அவ்வளவு நேரத்தில் போலீஸ் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

முதல் வள்ளம் வெளிச்சத்துக்குள் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. கடைசியாக வந்தது செசிலியக்கா வீட்டு வள்ளம். அவள் புருஷன் நனைந்த தலையோடு கரையேறி வந்து, "என்ன இன்னைக்கு வெளக்குக்குக் குளுரு சொரமா? அந்த நடுங்கு நடுங்குது" என்றார்.

"அது வெளக்கு இல்ல, ராம்நாட்டுத் தம்பி. பேசாம வந்து பெட்டிய வாங்கு" என்றாள் அவள்.

நாலு பேர் சேர்ந்து உன் கையிலிருந்து அதை இறக்கினார்கள். உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அங்கேயே மணலில் உட்கார்ந்து சாப்பிட்டாய். தோளில் கொப்புளம். செசிலியக்கா தேங்காய் எண்ணெய் தடவினாள். அன்று அவர்கள் வீட்டில்தான் தங்கினோம். நான் எழுந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. நீ குருசடியருகே உட்கார்ந்து உன் இரும்பின் முளையை அறுத்து, பழைய கவட்டைக்குப் பொருந்தும்படி அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாய். மாட்டி முடித்து, வலப்பக்கம் திருப்பினாய். இடப்பக்கம் திருப்பினாய். திருகாணியை முறுக்கிவிட்டு எழுந்தாய்.

"அடுத்த மாசம் வேற ஒண்ணு சரியாச் செஞ்சாந்து குடுத்துட்டு இத எடுத்துக்க தம்பி. எங்க போயிரப்போகுது" என்றார் பெரியவர்.

"இல்ல. இது இங்கனயே இருக்கட்டும்" என்றாய்.

திரும்பி வரும்போது சாக்கில் உன் இரும்பும், செசிலியக்கா கட்டிக்கொடுத்த கருவாடும் இருந்தன. ராமநாதபுரம் ஸ்டேஷனில் ஏட்டையா நின்றிருந்தார், கூட ஒரு போலீஸ்காரர். சாக்கை அவிழ்க்கச் சொன்னார்கள். போலீஸ்காரர் முளையில்லாத அந்த இரும்பை எடுத்து இப்படியும் அப்படியும் பார்த்தார். ஏட்டையா உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நேத்தே தங்கச்சிகிட்டச் சொல்லிட்டுத்தானப்பா போனேன், எங்கயும் போக வேணாம்னு."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஒரு மூச்சு நேரம்தான்.

"சொன்னுச்சு ஏட்டையா. போயிட்டு வந்து பாத்துக்கிரலாம்னு நாந்தான் போயிட்டேன்."

"எங்க, அந்தத் துப்பாக்கி?" என்றார் போலீஸ்காரர்.

"துப்பாக்கி எப்பவும் இல்ல. அத வைக்கிற கவட்டைதான். அது வெளக்குத் தூக்கிக்கிட்டு இருக்கு."

மாலை வரை உன்னைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். சுபேதார் வந்து, இன்ஸ்பெக்டரைக் கூட்டிப்போய் மன்றத்து வண்டியைக் காட்டி, எழுதிக் கொடுத்த பிறகுதான் விட்டார்கள். நான் எதிரே புளியமரத்தடியில் கருவாட்டு மூட்டையோடு நின்றிருந்தேன். உள்ளே சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே நின்றதில் கழுத்து வலித்தது. நீ வெளியே வந்தாய். வீட்டுக்குப் பாதி தூரம் வந்த பிறகு, "வேப்பங்குச்சி ஒடிக்க வந்தாராக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். பர்மாவுக்குப் போவதற்கு முன் கேட்ட சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது. நீ பார்க்காதது போல நடந்தாய்.

திறப்பு விழாவுக்கு முன் சுபேதாருக்கும் உனக்கும் நடந்த வாக்குவாதத்தை ஊரே பேசியது. குழாய் வேண்டாம், துவாரம் துவாரமாகவே இருக்கட்டும் என்றாய். "அப்ப ஒருத்தன் அங்கன இல்லங்குறது தெரியும் சாப்." கடைசியில் அவர் விட்டுக்கொடுத்தார். நீதான் வண்டியைக் கொட்டகையிலிருந்து ஓட்டி வந்து நிறுத்தினாய். மாலை போட வந்தவர் எதையும் கவனிக்கவில்லை.

நீ முனியசாமியின் அம்மாவைக் கூட்டி வரவில்லை. நீயே போனாய். விழா முடிந்த வாரத்தில் கமுதிக்குப் பஸ் ஏறினாய். காட்ட ஒன்றும் கையில் இல்லாமல் போகிறாயே என்று நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்து வந்தாய். "சொல்லிட்டேன். வீட்டுக்குள்ள விடல" என்றாய். எல்லாவற்றையும் வாசலில் நின்று சொல்லியிருக்கிறாய். அவள் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டே கேட்டுவிட்டு, போய்விட்டு வா என்றுகூடச் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்கிறாள். அன்று ராத்திரி முழுக்க நான் உன் அறை வாசலையே சுற்றிச் சுற்றி வந்தேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. மல்லாந்து படுத்துத் தூங்கினாய்.

அடுத்த மாதமும் போனாய். அதற்கடுத்த மாதமும். எதற்காக அண்ணே, திட்டு வாங்கவா என்று கேட்டேன். "திட்டக்கூட மாட்டேங்குறாக தாயி. அதான் போறேன்" என்றாய். வாசலில் நின்று, மழை பெய்ததா, மிளகாய் என்ன விலை போகிறது என்று நீயே கேட்டு, பதில் வராமல் திரும்புவாய். ஒரு தடவை மட்டும், செம்பில் தண்ணீர் எடுத்து வந்து படியில் வைத்துவிட்டுப் போனாள் என்று அம்மாவிடம் சொன்னாய்.

மூன்றாவது வருடம் உனக்கு டைபாய்டு வந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் நீ பிழைக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு கமுதிக்குச் சொல்ல ஆள் யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்து, நானே போனேன். வழியெல்லாம் பயம்தான். நல்லது என்று சொல்லிவிடுவாளோ, ஒன்றுமே சொல்லமாட்டாளோ என்று. அவள் வாசலில் மிளகாய்க் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் இன்னார் என்று சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. ஒரு கைப்பிடி மிளகாய்க்குக் காம்பு கிள்ளி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"மாசம் ஒருக்கா வருவான்" என்றாள். "இனிமே ஆரு வருவா?"

நான் போய்க்கொண்டிருக்கிறேன்.